காலுக்கு ஒரு நியாயம், மனதுக்கு ஒரு நியாயமா?

(ஒரு கிராமத்துச் சடுகுடுக் கழகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கழகத்து வாலிபர்கள் என்னை "விளையாட்டும் ஆரோக்கியமும்" என்பது பற்றிப் பேச வேண்டுமென்று அழைத்திருக்கிறார்கள். இவ்விஷயத்தில் பேசுவதற்கு உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாராவது கேட்பீர்களானால், ஒன்றுமில்லை என்றுதான் நான் சொல்ல வேண்டும். நான் பந்தயத்தில் ஓடினவனல்ல, வைத்தியம் படித்தவனுமல்ல, வக்கீலுமல்ல. பள்ளிக்கூடத்தில் படித்ததும் வெகு சொற்பம். புஸ்தகங்களையும் பத்திரிகைகளையும் படித்ததைக் கொண்டும், கண்ணால் கண்டதைக் கொண்டும், என் அறிவுக்கு எட்டியதைச் சொல்லப் போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை ஒப்புக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தண்டால் எடுப்பதைப் பற்றியும், கேழ்வரகு தின்பதைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. அவற்றை உங்கள் பயிற்சி வாத்தியார் என்னைவிட நன்றாய்ச் சொல்லிக் கொடுப்பார். நான் பேச வந்த சங்கதி வேறு. விளையாட்டையே பிழைப்பாய்க் கொண்டவனுக்குக் கால் ஒடிந்தால் இன்ஷியூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கிறது. மனம் ஒடிந்தால் கொடுக்கிறதா? கொடுக்கவில்லையென்றால் ஏன்? இதுதான் இன்றைய கேள்வி.

இக்கேள்வி எனக்கு எப்படி வந்தது என்றால், சில வருஷங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பையன், உங்களைப் போலவே ஊர்ப் பொட்டலில் சடுகுடு ஆடிக் கற்றவன், சம்பளத்துக்கு ஆடும் ஒரு குழுவில் சேர்ந்தான். ஊரே பெருமைப்பட்டது. இரண்டாம் வருஷம் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. குழுவார் எடுத்திருந்த இன்ஷியூரன்ஸில் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நடந்தது. கால் நேராயிற்று. ஆனால் மறுபடி அவனை எடுப்பாரில்லை. பையனுக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, வெளியில் தலை காட்டாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டான். வீட்டார் என்ன செய்தார்கள்? "எவனோ கண் வைத்துவிட்டான்" என்று கோடாங்கியிடம் போனார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஆட்டை அடித்துப் பூசை போட்டார்கள். மூன்று மாதம் இப்படிப் போன பிறகுதான் டவுனில் உள்ள மனோவைத்தியரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை உட்கார வைத்துப் பேசினார், மருந்தும் கொடுத்தார். பையன் தேறினான். அந்தச் செலவுக்கான பில்லைக் கம்பெனிக்கு அனுப்பியபோது, "ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் செய்துகொண்டிருந்தால் பணம் உண்டு; வந்து பேசிவிட்டுப் போனதற்குக் கிடையாது" என்று பதில் வந்தது. அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இன்ஷியூரன்ஸ் என்பது என்ன?

ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு உண்டியலில் சேர்க்கிறார்கள். அந்த ஆயிரம் பேரில் எவனுக்குக் கஷ்டம் வரும் என்று தெரியாது; ஆனால் எத்தனை பேருக்கு வரக்கூடும் என்று கணக்குப் போட்டால் தெரியும். வந்தவனுக்கு உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுப்பது. அவ்வளவுதான். இதில் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லுகிறவன்கூட இன்ஷியூரன்ஸ் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறான். தலையெழுத்தைவிடக் கையெழுத்துக்குப் பலம் அதிகம் என்பது அவனுக்கே தெரிந்திருக்கிறது! மும்பையில் பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடுகிற ஒரு கூட்டத்தார் 2022-ம் வருஷத்தில் 316 கோடி ரூபாய்க்கு மேல் இன்ஷியூரன்ஸ் எடுத்தார்கள். விக்கினம் தீர்க்கிற கடவுளுக்கே விக்கினம் வந்தால் என்ன செய்வது என்று கம்பெனியை நம்பினார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்தில் அவர்கள் பகுத்தறிவாய் நடந்துகொண்டார்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

ஆகவே இன்ஷியூரன்ஸ் என்பது மனிதனுடைய அறிவு கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு. அந்த ஏற்பாட்டிற்குள்ளும் பழைய மூடநம்பிக்கை எப்படிப் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முழங்காலின் விலை

விவசாயிக்கு நிலமும் மாடும் எப்படியோ, அப்படியே பிழைப்புக்கு விளையாடுகிறவனுக்கு உடம்பு. அதனால்தான் முதலாளிகள் அதற்கு விலை போட்டு இன்ஷியூரன்ஸ் எடுக்கிறார்கள். உலகக் கால்பந்தாட்டத்தை நடத்தும் பிஃபா என்ற சபையார் 2012-ம் வருஷத்தில் ஒரு ஏற்பாடு ஆரம்பித்தார்கள். ஒரு குழுவில் சம்பளத்துக்கு ஆடுகிறவன் தன் தேசத்துக்காக ஆடப்போன இடத்தில் அடிபட்டு 28 நாட்களுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் குழுவுக்கு அந்த நஷ்டத்தை ஈடு செய்வது என்பது அந்த ஏற்பாடு. அப்போது வகுத்த அளவு, நாள் ஒன்றுக்கு 20,548 யூரோ வரையிலும், மொத்தத்தில் 75 லட்சம் யூரோ வரையிலும் ஆகும்.

தோழர்களே! இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பணம் போவது ஆட்டக்காரனுக்கல்ல, அவனை வைத்திருக்கும் குழுவுக்கு. மாடு நொண்டினால் மாட்டுக்காரனுக்கு நஷ்ட ஈடு என்பது போல. இரண்டாவது, விபத்தினால் சரீரத்தில் ஏற்பட்ட காயத்துக்குத்தான் இந்தப் பணம். அதே ஆட்டக்காரன் மனச்சோர்வு நோயால் ஆறு மாதம் படுத்துக் கிடந்தால் இந்தக் கணக்கில் அது வராது. நாள் ஒன்றுக்கு 20,548 யூரோ பெறுமானமுள்ள கால், மூளை சொல்லாமல் ஒரு அடியாவது எடுத்து வைக்குமா? காலை ஓட்டுகிற எஜமானனுக்கு விலை பூஜ்யம். ஓடுகிற காலுக்கு விலை லட்சம்! இது என்ன கணக்கு?

மனம் எங்கே இருக்கிறது?

இந்த வேற்றுமை கம்பெனிக்காரனுடைய மூளையில் மட்டும் உதித்ததல்ல. அவனுக்கு முன்னால் இதைச் சொல்லி வைத்தவன் மதக்காரன். உடம்பு வேறு, ஆத்மா வேறு. உடம்புக்கு நோய் வந்தால் வைத்தியன், ஆத்மாவுக்கு நோய் வந்தால் புரோகிதன் என்று பங்கு பிரித்துக்கொண்டான். நம் நாட்டில் அதற்குப் பூர்வ ஜென்ம கர்மம், செய்வினை, பேய், பிசாசு என்று பெயர். ஐரோப்பாவில் சாத்தான், பாபம் என்று பெயர். பெயர்தான் வேறு, வியாபாரம் ஒன்றுதான்.

கல்லீரல் ஓர் உறுப்பு, இருதயம் ஓர் உறுப்பு, மூளையும் ஓர் உறுப்பு. கல்லீரல் கெட்டால் காமாலை வருகிறது. மூளையின் வேலை கெட்டால் தூக்கம் போகிறது, பசி போகிறது, காரணமில்லாத பயமும் துக்கமும் வருகின்றன. ஓயாத கவலையும், தோல்வியும், இழவும், தலையில் படுகிற அடியும், பரம்பரையும் அந்த நோயை உண்டாக்கலாம். இதற்கு மருந்து உண்டு. பழகின வைத்தியர் முறையாய்ப் பேசிக் குணப்படுத்தும் வைத்தியமும் உண்டு. காமாலைக்காரனை "கோழை" என்று யாராவது திட்டுகிறோமா? மனோவியாதிக்காரனை மட்டும் ஏன் திட்டுகிறோம்?

"ஆட்டக்காரனுக்குத் தைரியம் இருந்தால் இந்நோய் வராது" என்பார்கள். அபினவ் பிந்திரா என்பவர் 2008-ம் வருஷம் பீஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுட்டுத் தங்கப் பதக்கம் வாங்கினார். இந்தியாவுக்குத் தனிமனிதர் வாங்கித் தந்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த வெற்றிக்குப் பிறகுதான் தமக்கு மனச்சோர்வு ஏற்பட்டது என்று அவரே பகிரங்கமாய்ச் சொல்லியிருக்கிறார். தோற்றவனுக்கு வந்தால் கோழைத்தனம் என்பீர்கள். உலகத்தையே ஜெயித்தவனுக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்? பாபம் செய்ததனால் வந்தது என்பவர்கள், தங்கம் கொடுத்த அதே கடவுள் துக்கத்தையும் கூடவே வைத்துக் கொடுத்தது ஏன் என்று பதில் சொல்லட்டும்.

ஜெர்மனி கோல் கீப்பர்

இனி ஒரு துக்கமான சங்கதி சொல்லுகிறேன். ஜெர்மனியில் ராபர்ட் என்கே என்று ஒரு கோல் கீப்பர் இருந்தார். ஹனோவர் நகரத்துக் குழுவில் ஆடினார். தம் தேசத்துக்காகவும் 8 பந்தயங்கள் ஆடினார். 2003-ம் வருஷத்திலேயே அவருக்கு மனச்சோர்வு நோய் கண்டு வைத்தியம் செய்துகொண்டார். 2006-ல் இருதய நோயுடன் பிறந்த அவருடைய பெண் குழந்தை இறந்துபோயிற்று. 2009-ல் ஒரு குழந்தையைத் தத்து எடுத்தார்கள். அதே வருஷம் நவம்பர் 10-ந் தேதி, 32-வது வயதில், அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

மறுநாள் அவருடைய மனைவியாரும் வைத்தியரும் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார்கள். நோய் வெளியில் தெரிந்தால் ஆட்டம் போய்விடும், தத்துக் குழந்தையையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தினால் அவர் கடைசி வரையில் மறைத்து வைத்திருந்தார் என்றார்கள். அவருக்குப் பணம் இல்லையா? இருந்தது. வைத்தியர் இல்லையா? இருந்தார். இல்லாமற்போனது ஒன்றே ஒன்றுதான். சொன்னால் பிழைப்பு போகாது என்கின்ற நிச்சயம் இல்லை. பல்லாயிரம் ஜனங்கள் ஆட்ட மைதானத்தில் கூடி அழுதார்கள். 2010-ல் அவர் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தி, இந்நோயைப் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லி வருகிறார்கள். செத்த பிறகு அழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த ஜெர்மனியில் வைத்தியக் காப்பு இரண்டு விதம். பொதுக் காப்பு நிதி என்று ஒன்று. அதில் சேருகிறவனை, முன்பு உனக்கு என்ன நோய் இருந்தது என்று கேட்டுத் தள்ளக் கூடாது. வருமானம் ஒரு வரம்புக்கு மேல் உள்ளவர்கள் தனியார் கம்பெனியிலும் சேரலாம். அங்கே சேரும்போது கேள்விக் காகிதம் நீட்டுவார்கள். "சென்ற சில வருஷங்களில் மனோவைத்தியம் செய்துகொண்டது உண்டா?" என்பதும் அதில் ஒரு கேள்வி. உண்டு என்று எழுதினால் அநேக சமயங்களில் சேர்க்க மறுப்பார்கள், அல்லது சந்தாவைக் கூட்டுவார்கள். இல்லையென்று பொய் எழுதினால், பிறகு கண்டுபிடித்து ஒப்பந்தத்தையே ரத்து செய்வார்கள். இதன் பலன் என்ன? நோய் வந்ததும் அறிவோடு டாக்டரிடம் போனவனுக்குத் தண்டனை. போகாமல் மூடி மறைத்தவனுக்கு மரியாதை! அநேக ஆட்டக்காரர்களுக்குப் பிழைப்பு முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. பிற்காலத்தில் எந்தக் கம்பெனி நம்மைச் சேர்க்கும் என்று யோசிக்கிற வாலிபன், இந்தக் கேள்விக் காகிதத்தை நினைத்தே டாக்டர் வாசற்படியை மிதிக்கப் பயப்படமாட்டானா?

மூளைக்கும் வருணாசிரமம்

அமெரிக்காவில் தலையோடு தலை மோதுகிற ஒருவிதக் கால்பந்தாட்டம் உண்டு. அதில் ஆடி ஓய்ந்த அநேகருக்கு மூளை கெட்டு ஞாபக சக்தி போயிற்று. அவர்கள் ஆட்டத்தை நடத்தும் லீக்கின்மீது வழக்குப் போட, 2015-ல் கோர்ட்டார் ஒரு நஷ்ட ஈட்டு ஏற்பாட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு அறிவு குறைந்திருக்கிறது என்று பரீட்சை வைத்துப் பணம் கொடுப்பது என்பது ஏற்பாடு.

அந்தப் பரீட்சையில் என்ன செய்தார்கள் தெரியுமா? கறுப்பு மனிதனுக்கு ஆரம்பத்திலேயே அறிவு குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரனும் ஒரு கறுப்பனும் ஒரே மார்க் வாங்கினால், வெள்ளைக்காரனுக்கு "உன் மூளை கெட்டுவிட்டது, இந்தா பணம்" என்பார்கள். கறுப்பனுக்கு "உனக்கு முன்பே இவ்வளவுதான் இருந்திருக்கும், போ" என்பார்கள். கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு கறுப்பு ஆட்டக்காரர்கள் 2020-ல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். முதலில் வழக்கைத் தள்ளினார்கள். ஊரெல்லாம் காறித் துப்பிய பிறகு 2021-ல் லீக்கார் இந்த முறையை விட்டுவிடுவதாய் ஒப்புக்கொண்டார்கள். 2022-ல் கோர்ட்டாரும் புதிய முறைக்கு அனுமதி கொடுத்தார்கள்.

தோழர்களே! பிறவியிலேயே ஒருவனுக்கு மூளை அதிகம், ஒருவனுக்குக் குறைவு என்ற பேச்சு நமக்குப் புதியதா? முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று நம்மிடம் சொல்லிவந்த அதே சரக்குத்தான் அங்கே கணித சாஸ்திரம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. ஆகவே, இன்ஷியூரன்ஸ் காகிதமானாலும் சரி, நஷ்ட ஈட்டுக் கணக்கானாலும் சரி, அச்சடித்து வந்துவிட்டது என்பதற்காக அதை வேதவாக்கு என்று நம்பக் கூடாது. எழுதினவன் யார், அவனுக்கு இதில் லாபம் என்ன என்று கேட்க வேண்டும்.

டாக்டருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

அதே அமெரிக்காவில் நல்ல காரியமும் நடந்திருக்கிறது. அங்குள்ள சட்டசபையார் 1996-லும், அதைவிட விரிவாய் 2008-லும், இன்ஷியூரன்ஸில் மனோவியாதி வைத்தியத்துக்கு இடம் கொடுத்தால் அதற்கு உடல்நோயைவிடக் குறைந்த வரம்பு வைக்கக் கூடாது என்கின்ற கருத்தில் சட்டம் செய்தார்கள். கூடைப்பந்து ஆட்டத்தில் பேர்பெற்ற கெவின் லவ் என்பவர் 2017 நவம்பரில் பந்தயத்தின் நடுவிலேயே திடீர்ப் பீதி நோய் கண்டு வெளியேறினார். மறுவருஷம் அதை மறைக்காமல் பத்திரிகையில் எழுதினார். அவருக்குச் சற்று முன் டிமார் டிரோசன் என்பவரும் தமக்குள்ள மனச்சோர்வைப் பகிரங்கப்படுத்தினார். ஆட்டக்காரர்களுடைய சங்கத்தார் 2018-ல் குழு முதலாளிகளைச் சாராத ஒரு மனோவைத்திய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். 2019-20 பருவத்திலிருந்து ஒவ்வொரு குழுவும் மனோவைத்தியம் அறிந்தவரை ஏற்படுத்த வேண்டும் என்று லீக்காரும் விதி செய்தார்கள்.

இதில் சங்கத்தார் ஏன் தனியாய் ஏற்பாடு செய்தார்கள் என்று யோசியுங்கள். குழு முதலாளியிடம் சம்பளம் வாங்கும் டாக்டரிடம் ஒருவன் தன் மனதைத் திறந்து சொன்னால், அது முதலாளி காதுக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? போனால் அடுத்த வருஷ ஒப்பந்தம் என்ன ஆகும்? பாவ மன்னிப்புக் கேட்கப் போனவனுடைய ரகசியத்தைப் பாதிரி வைத்துக்கொண்டிருந்தால் அவன் பாதிரிக்கு அடிமை; ஆட்டக்காரனுடைய ரகசியத்தை முதலாளி வைத்துக்கொண்டிருந்தால் அவன் முதலாளிக்கு அடிமை. ஆதலால், பணம் கொடுப்பவன் ஒருவனாய் இருக்கட்டும். ரகசியம் தெரிந்தவன் வேறொருவனாய் இருக்கட்டும். இந்த இரண்டும் ஒரே கையில் இருந்தால் அந்தக் காப்பு, காகிதத்தில்தான் காப்பு.

சில ஆட்சேபணைகள்

"கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறவனுக்கு மனக்கவலைக்கு இன்ஷியூரன்ஸ் வேறா? கூலிக்காரனுக்குக் கவலையில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கோடி வாங்குகிறவன் நூற்றில் எத்தனை பேர்? பெயர் தெரியாமல் ஆடி, இரண்டொரு வருஷத்தில் வெளியே தள்ளப்படுகிறவர்களே அதிகம். நான் முன்னே சொன்ன அமெரிக்கக் கால்பந்தாட்ட லீக்கில், மூன்று பருவம் ஆடித் தகுதி பெற்றவனுக்கு, ஆட்டத்தை விட்ட பின்னும் ஐந்து வருஷம் வைத்தியக் காப்பு உண்டு. மூன்று பருவம் முடிவதற்குள் வெளியேறுகிறவர்கள் பலர். வேலை இருக்கும்போது காப்பு, வேலை போனால் காப்பும் போயிற்று என்றால், மனம் ஒடிகிற சமயம் பார்த்துக் குடையைப் பிடுங்குவதாக அல்லவா ஆகிறது? மேலும், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஆட்டக்காரனுக்கே இந்தக் கதியென்றால், யார் கண்ணுக்கும் தெரியாத மில் தொழிலாளிக்கு என்ன கதி? முன்னவனுக்காகக் கேட்கிற நியாயம் பின்னவனுக்காகவும் கேட்கிற நியாயம்தான்.

"மனநோயைக் கண்ணால் பார்க்க முடியாது, பொய் சொல்லிப் பணம் பறிப்பார்கள்" என்பது கம்பெனிக்காரர் ஆட்சேபணை. தலைவலியைக் கண்ணால் பார்க்க முடியுமா? இடுப்பு வலியைப் பார்க்க முடியுமா? அவற்றுக்குப் பணம் கொடுக்கவில்லையா? பொய் சொன்னவனைப் பரிசோதித்துத் தண்டியுங்கள். ஒருவன் பொய் சொல்லுவான் என்பதற்காக உண்மையான நோயாளிகளை எல்லாம் பட்டினி போடுவது என்ன தர்மம்?

சங்கிலியும் சட்டமும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனோவியாதிக்காரர்களை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது நெருப்பு மாத்திரமா? சங்கிலி கொன்றது. சங்கிலியைப் போடச் சொன்ன நம்பிக்கை கொன்றது. தர்காவோ, கோயிலோ, மாதா கோயிலோ, எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்.

2017-ல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். 2018 மே 29-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதன் 95-வது பிரிவு மனோவியாதிக்காரர்களை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 21-வது பிரிவு, உடல்நோய் வைத்தியத்துக்கு எந்த அடிப்படையில் இன்ஷியூரன்ஸ் கொடுக்கிறார்களோ அதே அடிப்படையில் மனநோய் வைத்தியத்துக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. சங்கிலியை அறுத்ததும், இன்ஷியூரன்ஸில் சமத்துவம் வைத்ததும் ஒரே சட்டம் என்பதைக் கவனியுங்கள். பூசாரி போட்டது இரும்புச் சங்கிலி. கம்பெனி போட்டது காகிதச் சங்கிலி.

சட்டம் வந்ததும் கம்பெனிகள் கைகட்டி நடந்துவிட்டனவா? 2018 ஆகஸ்டிலேயே இன்ஷியூரன்ஸ் கண்காணிப்பு அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். அப்படியிருந்தும், மனோவியாதி என்ற காரணத்தால் பணம் மறுக்கப்பட்ட ஒரு பெண்மணி டில்லி ஹைகோர்ட் வரை போக வேண்டியிருந்தது. 2021-ல் கோர்ட்டார் உடல்நோய்க்கும் மனநோய்க்கும் வேற்றுமை பாராட்டக் கூடாதென்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பின்னும், 2022 அக்டோபர் 31-ந் தேதிக்குள் எல்லாப் பாலிசிகளிலும் மனோவியாதிக்கு இடம் வைக்க வேண்டும் என்று அதிகாரிகள் மறுபடி தாக்கீது அனுப்ப வேண்டியதாயிற்று. நாலு வருஷம்!

இன்னும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் நாட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் கொடுக்கும். "உடல்நோய்க்கும் அப்படித்தான், மனநோய்க்கும் அப்படித்தான், இதோ சமத்துவம்" என்கிறார்கள். முழங்காலை அறுத்துத் தைக்கக் கட்டில் வேண்டும். ஆனால் மனநோய் வைத்தியம் பெரும்பாலும் நடப்பது கட்டிலில் அல்ல, நாற்காலியில். டாக்டர் எதிரில் உட்கார்ந்து மாதக்கணக்காய்ப் பேசுவது அது. கட்டிலுக்கு மட்டும் பணம் என்று விதி வைத்துவிட்டு அதைச் சமத்துவம் என்பது, நாரையையும் நரியையும் கூப்பிட்டு இரண்டுக்கும் தட்டில் கஞ்சி ஊற்றின கதைதான். நான் சொன்ன அந்தப் பையனுடைய பில் திரும்பி வந்ததும் இந்தச் சூட்சுமத்தினால்தான்.

வாலிபர்கள் கேட்க வேண்டியது

ஆகவே இங்குள்ள வாலிபர்களுக்கு நான் சொல்லுவதென்னவென்றால், நாளைக்கு உங்களில் எவரையாவது ஒரு குழுவார் சம்பளத்துக்குக் கூப்பிட்டால், மாலையையும் மேளத்தையும் கண்டு மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள். முதலாவது, இந்த இன்ஷியூரன்ஸில் மனநோய்க்கும் இடம் உண்டா, அதற்குத் தனி வரம்பு ஏதாவது வைத்திருக்கிறதா? இரண்டாவது, படுக்காமல் வந்துபோய்ச் செய்துகொள்ளும் வைத்தியத்துக்குப் பணம் உண்டா? மூன்றாவது, டாக்டர் எழுதுகிற குறிப்பைக் குழுவார் பார்க்க முடியுமா? நான்காவது, ஆட்டம் போன பிறகு எத்தனை காலம் இந்தக் காப்பு நிற்கும்? ஒருவன் கேட்டால் "திமிர் பிடித்தவன்" என்பார்கள். எல்லோரும் சேர்ந்து சங்கமாய்க் கேட்டால் "சரி, எழுதிக்கொள்ளலாம்" என்பார்கள். மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் பெற்றதெல்லாம் சங்கமாய்க் கேட்டுப் பெற்றதுதான். எந்தச் சாமியும் கொடுத்ததல்ல.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு பிள்ளை தூங்காமல், தின்னாமல், பேசாமல் உட்கார்ந்தால், கோடாங்கியைத் தேட வேண்டாம். கலியாணம் செய்து வைத்தால் சரியாய்ப் போகும் என்று இன்னொரு பெண்ணையும் அந்தத் துன்பத்தில் இழுத்துவிட வேண்டாம். ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 2022-ம் வருஷத்தில் சர்க்கார் ஏற்படுத்திய 14416 என்ற டெலிபோன் எண்ணில் காசில்லாமல் மனோவைத்திய யோசனை கேட்கலாம். தாயத்துக்குக் கொடுக்கிற காசு மிச்சம், பிள்ளையும் மிச்சம்.

நான் முதலில் சொன்ன பையன் இப்பொழுது நன்றாய் இருக்கிறான். சிறுவர்களுக்குச் சடுகுடு சொல்லிக் கொடுக்கிறான். "காலில் கட்டுப் போட்டிருந்தபோது பார்க்க வந்தவர்கள் நூறு பேர், மனசு கெட்டிருந்தபோது வந்தவர் ஒருவருமில்லை" என்று என்னிடம் ஒருநாள் சொன்னான். தோழர்களே! கம்பெனிக்காரன் அவனுக்குப் பணம் கொடுக்கவில்லை என்று இவ்வளவு நேரம் குறை சொன்னேன். நாம் அவனுக்கு என்ன கொடுத்தோம்? கம்பெனியின் காகிதத்தைத் திருத்தச் சட்டமும் சங்கமும் வேண்டும். நம்முடைய புத்தியைத் திருத்திக்கொள்ள யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போகும்போதே ஆரம்பிக்கலாம்.